பச்சைக்கோட்டின் பிறந்தநாள்

ஸ்கேனரின் மூடியைத் தூக்கியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடி முழுக்க விரல் தடங்கள். ஒரு மூலையில் சூப் சிந்திக் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. நடுவில் சால்தேன்யாவின் குழம்பு. எங்கள் லா பாஸ் நகரத்தில் காலைப் பத்து மணிக்கு அந்த இறைச்சிப் பணியாரம் கையில் இல்லாதவரைப் பார்ப்பது அரிது. அதைச் சிந்தாமல் தின்பவரைப் பார்ப்பது அதைவிட அரிது. குழம்பில் ஒரு ஈ விழுந்து செத்து, சிறகு மட்டும் மேலே தெரிந்தது.

"இதுல படம் எடுக்கறதைவிட அடுப்புல வைக்கலாம், தோன்யா," என்றேன். "மசாலா எல்லாம் ஏற்கெனவே இருக்கு."

தோன்யா எலோதியா லிமாச்சி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை. மற்ற நேரத்தில் சிரித்ததாகவும் எனக்கு நினைவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு புகைப்படக் கூடத்தில் நிறம் திருத்தும் வேலை பார்த்தவர். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகம் பச்சையாக இருந்தால், அது ரசாயனக் கோளாறா, முந்தின நாள் குடியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கூடத்தை மூடியதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அடுக்கடுக்கான பாவாடை, தோளில் சால்வை, தலையில் வட்டத் தொப்பி, கைப்பையில் பூதக்கண்ணாடி. நான் வால்தெர் போமா. முன்பு மினிபஸ் ஓட்டினேன், இப்போது அவருடைய உதவியாளன். பாவாடை கட்டிய அம்மாள் எல்லாம் துப்பறிவாளா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலைதான்.

"துடை," என்றார்.

"நானா?"

"பின்ன ஈயா துடைக்கும்? அதுதான் செத்துப்போச்சே."

துடைத்தேன். எங்களுக்குப் பின்னால் வீட்டுக்காரி பசிலியா தார்க்கி சால்வை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷமாக ஒரே நடனச் சபைக்குச் சால்வை வரைந்து கொடுப்பவள். கிரான் போதெர் திருவிழாவில் எந்தச் சபைப் பெண்கள் எந்த நிறத்தில், என்ன வேலைப்பாட்டோடு சால்வை போர்த்தி ஆடப்போகிறார்கள் என்பது அன்று காலைவரை வெளியாள் யாருக்கும் தெரியக்கூடாது. தையல்காரருக்கே துண்டு துண்டாகத்தான் காட்டுவார்கள். இந்த வருஷம் பசிலியா வரைந்தது திராட்சை ஊதாவில் வெள்ளித் தேன்சிட்டு. போன வெள்ளிக்கிழமை அந்த வரைபடம் ஸ்கேன் படமாக, பேர் தெரியாத எண்ணிலிருந்து எதிர்ச்சபைக்காரிகளின் போனுக்குப் போய்விட்டது. அவர்கள் அதைச் சந்தையில் கடை கடையாகக் காட்டிச் சிரித்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் ஆறே வாரம்.

பழி பசிலியாமேல் விழுந்தது. தாளை ஒப்படைக்கும் முன்பே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு விற்றுவிட்டாள் என்றார்கள். இன்று மதியம் மூன்று மணிக்குச் சபை கூடுகிறது. அவள் பேரை அடிப்பார்கள். அப்புறம் அந்த மலைச்சரிவில் எந்தச் சபையும் அவளிடம் ஒரு கைக்குட்டைகூட வரையச் சொல்லாது. இதையெல்லாம் அவள் நேற்று எங்கள் அலுவலகத்தில் அழாமல், ஒரே மூச்சில் சொன்னாள். அதனால்தான் தோன்யா வழக்கை எடுத்துக்கொண்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அந்தப் படத்தில் ஒரு பச்சைக்கோடு இருந்தது, மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல. அதை முதலில் சுட்டிக்காட்டியவள் நியேவெஸ். இந்த வருஷ விழாவை எடுத்து நடத்தும் ரெம்பெர்த்தோவின் மனைவி. பசிலியாவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அது கூடப்பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். தன் கொமாத்ரே வீட்டு மெஷினில்தான் இப்படிப் பச்சைக்கோடு விழும், சொல்ல மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை என்று சபை நடுவில் நின்று அழுதாளாம். அவள் வீட்டிலேயே கூட்டமும் நடந்ததால் அழுகைக்கு நடுவே எல்லாருக்கும் சூப்பும் கிடைத்திருக்கிறது.

துடைத்த துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டேன். மூன்று தடவை கை கழுவினேன். அதற்குள் தோன்யா தன் ஊதாக் கைக்குட்டையைக் கண்ணாடிமேல் விரித்து ஸ்கேன் எடுத்துவிட்டார்.

கணினித் திரையில் கைக்குட்டை வந்தது. இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, பளிச்சென்று பச்சைக்கோடு.

"அவ்வளவு தேய்ச்சும் போகலையே," என்றேன்.

"கண்ணாடில அழுக்கு இருந்தா புள்ளிதான் விழும். கோடு விழாது. இது வேற வியாதி."

கைப்பையிலிருந்து திருட்டுப் படத்தின் அச்சை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே நான்கு விரல். அதே அகலம். வெள்ளை ஓரத்தில் மங்கி, ஊதாவில் எடுப்பாக, அதே கோடு.

பசிலியா அங்கே கிடந்த துணிமூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்ப என் மெஷின்தான்."

"உங்க மெஷின்தான்," என்றார் தோன்யா.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குற்றவாளியைத் தேடி வந்து, குற்றவாளி வீட்டையே சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். தோன்யாவின் காதருகே போய், நாம் கிளம்பலாம், இந்த அம்மாள் நம்மையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறாள் என்றேன். அவர் கொசுவை விரட்டுவதுபோல் கையை ஆட்டினார். பூதக்கண்ணாடி படத்தின் மேல்பக்கத்தில் நின்றது.

"வால்தெர், இந்தத் தேன்சிட்டோட தலை என்ன நிறம்?"

"வெள்ளி. கொஞ்சம் சிவப்படிச்ச மாதிரி இருக்கு."

"வால்?"

"சுத்தமான வெள்ளி."

"ஒரே தாள்ல தலைக்கு வெட்கம், வாலுக்கு இல்லையா?"

பசிலியாவிடம் எப்படி ஸ்கேன் எடுப்பாள் என்று கேட்டார். அவள் மெஷினைப் போட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பாளாம். கோக்கா இலைத் தேநீர் ஒரு குவளை குடித்து முடித்த பிறகுதான் தாளை வைப்பாளாம். உள்ளே இருக்கும் விளக்கு பழையது, இந்த ஊர்க் குளிரில் அது சூடாக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் படத்தின் மேல்பாதி சிவந்துவிடும். இதை மகள் யோபானா சொல்லவில்லையாம், தானே கெட்டுக் கெட்டுக் கற்றுக்கொண்டாளாம். மெஷினை இயக்கத்தான் யோபானா கற்றுக்கொடுத்தாள், இவளுக்கும் ஞானத்தாய்க்கும் சேர்த்து.

தோன்யா மெஷினை அணைத்துக் கால்மணி நேரம் ஆறவிட்டார். பிறகு போட்ட உடனேயே கைக்குட்டையை எடுத்தார். மேல்பாதி சிவந்து, கீழே போகப் போகத் தெளிந்தது.

"எடுத்தவங்களுக்கு இந்த மெஷினோட கோடு தெரியும், குணம் தெரியாது," என்றார்.

பசிலியாவே பதற்றத்தில் தேநீர் குடிக்காமல் எடுத்திருக்கலாமே என்றேன். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அடுத்து படத்தின் வலது ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் மூட்டம். கோடுகளும் கலங்கியிருந்தன.

நான் மேலே பார்த்தேன். தகரக் கூரையில் ஒரு தகடு மட்டும் வெளிச்சத்துக்காக மஞ்சள் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் மேஜை. முதல் தடவையாக எனக்கே ஒன்று புரிந்தது. மூடி சரியாக மூடவில்லை; பகல் வெளிச்சம் உள்ளே புகுந்திருக்கிறது. கெட்டியாக ஏதோ மூடியைத் தடுத்திருக்க வேண்டும். அங்கே கிடந்த தொப்பிப் பெட்டியின் அட்டையை எடுத்து, கைக்குட்டையை அதில் குத்திக் கவிழ்த்து வைத்தேன். அட்டை கண்ணாடியைவிடப் பெரிது. ஓரச் சட்டத்தில் ஏறி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. படத்தில் அதே மஞ்சள், அதே கலங்கல்.

"நீங்க வரைஞ்சதை அட்டைல ஒட்டியா கொடுத்தீங்க?" தோன்யா கேட்டார். குரலில் லேசாக ஒரு சூடு.

"இல்லியே. மெல்லிசு தாள். சுருட்டித்தான் கொடுத்தேன். ரெண்டு மாசம் முன்னாடி, கார்னிவல் பண்டிகைத் திங்கட்கிழமை கொமாத்ரே வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"நகல் ஏதாவது?"

"வரைஞ்சா ஒண்ணுதான் வரைவேன். ரெண்டாவது தடவை அதே பறவை வராது."

இந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பசிலியாவிடம் ஒன்று, மகளிடம் ஒன்று, கொமாத்ரேயிடம் ஒன்று. விழாவுக்கான துணிமூட்டைகளை இங்கேதான் போட்டு வைத்திருக்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுப்பார்கள். வியாழக்கிழமைகளில் பசிலியா எல் ஆல்தோ சந்தைக்குப் போய்விடுவாள், மகள் பள்ளிக்கூடம். அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லை.

எனக்கு ஒரு பேர் நாக்கு நுனிவரை வந்தது. தோன்யா கண்ணாலேயே அதை உள்ளே தள்ளினார். பேர் இருந்தால் போதாது. சபை முன்னால் வைக்க ஏதாவது வேண்டும். படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவித் தாவி வந்ததில் அதன் தேதி உதிர்ந்து போயிருந்தது. கணினியில் தேடினேன், எடுத்தவர்கள் அழித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

"தேதி படத்துமேலயே இருக்கு," என்றார் தோன்யா. "பசிலியா, இந்தக் கோடு எப்பப் பொறந்துச்சு?"

பசிலியா விழித்தாள். வாங்கின நாளிலிருந்து இருக்கிறதா? இல்லை, முன்பு நன்றாகத்தான் இருந்தது. எப்போது வந்தது என்று யார் பார்த்தார்கள். தோன்யா என்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். யோபானா செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போட ஒவ்வொரு சான்றிதழாக ஸ்கேன் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். இந்த வீட்டில் அழுக்கில்லாத ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

கார்னிவல் திங்கட்கிழமை: நீல அட்டை போட்ட பள்ளிச் சான்றிதழ். கோடு இல்லை. அந்த வாரமே வியாழக்கிழமை: பச்சை அட்டை போட்ட தடுப்பூசிப் புத்தகம். இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, அட்டையைவிடப் பச்சையாக ஒரு கோடு. அதற்குப் பிறகு எடுத்த எல்லாவற்றிலும் இருந்தது.

"திங்கள்ல இல்ல, வியாழன்ல இருக்கு," என்றார் தோன்யா. "நடுவுல இந்த மெஷினுக்கு என்ன ஆச்சு?"

பசிலியாவின் முகம் சிவந்தது. மெஷினைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை சால்யா பண்ணோம்," என்றாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கார்னிவல் செவ்வாயன்று இந்த ஊரில் பூமித்தாய்க்குப் பங்கு கொடுக்காத வீடு கிடையாது. வீட்டு மூலை, கடை, வண்டி, தையல் மெஷின் என்று சோறு போடும் எல்லாவற்றுக்கும் காகித நாடா சுற்றி, வண்ணப் பொட்டுக் காகிதம் தூவி, பீரும் சாராயமும் தெளிப்போம். அதுதான் சால்யா. என் மினிபஸ்ஸுக்கு நானும் செய்திருக்கிறேன், சக்கரத்துக்கு. யாரும் பெட்ரோல் தொட்டிக்குள் ஊற்றியதில்லை.

"மூடியைத் தொறந்தா தெளிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மேல மட்டும் தெளிச்சா அதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்றாள் பசிலியா.

தோன்யா டார்ச்சை எடுத்துக் கண்ணாடியின் தலைமாட்டில், சட்டமும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் அடித்தார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். குனிந்தேன். பழைய பீர் நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே வெள்ளைப் பட்டை ஒன்று. அதன்மேல், நனைந்து காய்ந்து அப்பிக்கொண்டு, பருப்பளவில் ஒரு காகிதப் பொட்டு. நல்ல ரோஸ் நிறம்.

"ரோஸ்," என்றேன். "கோடு பச்சை. பொருந்தலையே."

"பொருந்துது. இந்த மெஷின் ஒவ்வொரு தடவையும் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த வெள்ளைப் பட்டையைப் பாத்துக்கும். வெள்ளைன்னா அதுதான்னு நம்பும். அந்த இடத்துல ரோஸ் பொட்டு உக்காந்துட்டா, ரோஸைத்தான் வெள்ளைன்னு நெனைக்கும். ரோஸ்ல பச்சை கம்மி. ஐயோ குறையுதேன்னு அந்த ஒரு வரிசைக்கு மட்டும் பச்சையை அள்ளி அள்ளிப் போடும்."

"சரியான முட்டாள் மெஷினா இருக்கே."

"அதுக்கு மூளை இல்ல. மூளை இருக்கறவங்களே அதைத்தான் பண்றாங்க." பொட்டை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "அது அங்கயே இருக்கட்டும். நியேவெஸுக்கு போன் போட்டு, அசல் வரைபடத்தோட வரச் சொல்லு. ஒப்பிட்டுப் பாக்கணும்னு மட்டும் சொல்லு."

நியேவெஸ் ஒரு மணிக்கு வந்தாள். காதில் தங்கம் தொங்க, கையில் சால்தேன்யாப் பெட்டியோடு வந்தாள். வந்ததும் பசிலியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே, சபையில் உனக்காக நான் பேசுகிறேன், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்கிறேன் என்று கன்னத்தைத் தடவினாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். வெட்கம் கெட்டவன், வாங்கித் தின்றேன். நல்ல ருசி வேறு.

வரைபடத்தை நெய்த துணியிலிருந்து பிரித்தாள். கெட்டியான அட்டையில் ஒட்டியிருந்தது. ஒட்டினது யார் என்று தோன்யா சாதாரணமாகக் கேட்டார்.

"நான்தான். சும்மா சும்மா சுருண்டுக்கிச்சு. தவக்காலம் மொத ஞாயிறு, அதான் கார்னிவல் முடிஞ்ச ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து ஒட்டினேன்."

"அழகா ஒட்டியிருக்கீங்க. உங்க வீட்டுல வேற யார் கையிலயாவது பட்டிருக்குமோன்னு சபையில கேப்பாங்களே."

நியேவெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யார் கையிலயும் படல. இங்கேருந்து வாங்கிட்டுப் போன திங்கட்கிழமைலேர்ந்து என் அலமாரில. சாவி என் இடுப்புல. எங்க வீட்டுக்காரரே இன்னும் பாக்கல. எங்க வீட்டுலேர்ந்து வெளிய போயிருக்க வாய்ப்பே இல்ல."

"இதையே சபையில சொல்வீங்களா?"

"சிலுவைமேல அடிச்சுச் சொல்வேன்."

தோன்யா தலையாட்டினார். பிறகு மெஷினைப் பார்த்து முகம் சுளித்து, இதற்குள் யாரோ சால்யாவன்று பீரை ஊற்றியிருக்கிறார்கள், எந்தப் புண்ணியவதியோ என்றார்.

நியேவெஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "அது நான்தான், தோன்யா. கொமாத்ரே மொதல்ல மூடி மேல மட்டும் தெளிச்சா. நான்தான் தொறக்கச் சொன்னேன். வாயைத் தொறந்தாத்தானே குடிக்கும்? ரோஸ் பொட்டு ரெண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். அவ கைக்கு நல்ல தொழில் அமையணும்னு வேண்டிக்கிட்டுப் போட்டேன்."

உள்ளே போன சால்தேன்யாவைத் திரும்ப எடுக்க வழியில்லை.

தோன்யா எழுந்தார். யோபானாவின் இரண்டு சான்றிதழ்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை, வியாழக்கிழமை. கைப்பையிலிருந்து ஒரு சிறு இடுக்கியை எடுத்து இடுக்குக்குள் விட்டு, அசைத்து அசைத்து ரோஸ் பொட்டை வெளியே எடுத்தார். கைக்குட்டையை வைத்து ஒரு ஸ்கேன் எடுத்தார். ஊதா, ஓரம் முதல் ஓரம் வரை ஊதா. கோட்டைக் காணோம்.

"உங்க பொட்டு விழுந்தது செவ்வாய்க்கிழமை," என்றார் நியேவெஸைப் பார்த்து. "அன்னிக்குத்தான் இந்தக் கோடு பொறந்துச்சு. கோடு விழுந்த எந்தப் படமும் அதுக்கு முந்தி எடுத்ததா இருக்க முடியாது. திருட்டுப் படத்துல கோடு இருக்கு. செவ்வாய்க்கிழமை வரைபடம் எங்க இருந்துச்சு?"

நியேவெஸ் காதுத் தங்கத்தைத் திருகினாள்.

"உங்க அலமாரில. நீங்களே சொன்னீங்க. அந்தப் படத்துல வலது பக்கம் மஞ்சள் அடிச்சிருக்கு, அட்டையால மூடி மூடல. அட்டைல ஒட்டினது ஞாயித்துக்கிழமை, அதுவும் நீங்க. யார் கையும் படலன்னு சிலுவைமேல அடிக்கறதும் நீங்க. இந்த ஊர்ல தெருவுக்கு நாலு நகல் கடை இருக்கு. அங்க எடுத்திருந்தா உங்களை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது. ஆனா உங்களுக்கு வரைபடம் வெளிய போனா மட்டும் போதாது. இவ மாட்டணும். அதுக்குத்தான் சாவியைப் போட்டுத் தொறந்து, இவ மேஜைல உக்காந்து, இவ பொண்ணு கத்துக்கொடுத்த மாதிரியே எடுத்திருக்கீங்க. எனக்கு எத்தனையோ திருடங்களைத் தெரியும். இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல. உங்க பக்கத்துல நிக்கவே எனக்குக் கூசுது."

நியேவெஸ் ஒரு சிரிப்புச் சிரிக்கப் பார்த்தாள்; பாதியில் நின்றுவிட்டது. யாராவது தன் அலமாரியை என்று ஆரம்பித்தாள், அதுவும் நின்றது. பிறகு அழுகையெல்லாம் காய்ந்துபோய் வேறொரு குரல் வந்தது.

"எங்க வீட்டு விழா," என்றாள். "வருஷம் பூரா நாங்க ஓடறோம். நான் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு, நீலப்பச்சைல தங்க மீன். வரையறதுக்கு முன்னாடி சபையில சீட்டு போட்டாங்க. இவ பறவைக்கு நாப்பத்தொண்ணு, என் மீனுக்கு மூணு. நாப்பத்தொண்ணுக்கு மூணு! எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மூணுல ஒண்ணு நான், ஒண்ணு என் தங்கச்சி. மூணாவது எவளோ பாவம் பாத்துப் போட்டிருக்கா."

"நான்தான்," என்றாள் பசிலியா.

கூரைத் தகரம் வெயிலில் ஒரு தடவை படபடத்தது.

"மூணாவது சீட்டு நான் போட்டது, கொமாத்ரே. நீங்க ஆசையா கேட்டீங்கன்னு. என் பறவையை விட்டுட்டு உங்க மீனுக்குப் போட்டேன்."

நியேவெஸ் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையை நினைத்துப் பார், சபையில் சொல்லாதே, நான் யோபானாவுக்கு ஞானத்தாய் என்று முணுமுணுத்தாள். கடைசியில் அந்தப் பெண்ணின் பேரையும் இழுத்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, நான் வாயைத் திறக்கும் முன் பசிலியா எழுந்துவிட்டாள்.

தோன்யாவின் இடுக்கியிலிருந்து அந்த ரோஸ் பொட்டை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். நல்ல காரியம் நடந்தால் நாங்கள் ஒருவர் தலையில் ஒருவர் பொட்டுக் காகிதம் வைத்து வாழ்த்துவோம். அதேபோல, மெதுவாக, நியேவெஸின் தொப்பிமேல் வைத்து அழுத்தினாள்.

"உங்களோடதுதான், வச்சுக்குங்க," என்றாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "என் வீட்டுச் சாவி."

நியேவெஸ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வளையத்திலிருந்து சாவி கழலவில்லை. பசிலியா உதவி செய்யாமல் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் சாவி வந்தது.

"மூணு மணிக்குச் சபையில நீங்களே எழுந்து சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிப்பேன். ஒரு வார்த்தை குறைஞ்சாலும் மிச்சத்தை நான் சொல்வேன்."

இரண்டு சான்றிதழ்களின் அச்சையும், கோடு விழுந்த படத்தையும், கோடு விழாத கைக்குட்டைப் படத்தையும் தோன்யா ஓர் உறையில் போட்டு பசிலியாவிடம் கொடுத்தார். அவள் அதைச் சால்வைக்குள் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். நியேவெஸ் அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். தொப்பியில் பொட்டு அப்படியே இருந்தது. தட்டிவிட அவள் கை உயரவில்லை.

மேஜைமேல் பெட்டியில் நான்கு சால்தேன்யா மிச்சமிருந்தது. தோன்யா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் பெட்டியைத் தொடாமல் போய் நான்காவது தடவையாகக் கை கழுவினேன்.